வைரஸ் நிமோனியாவில் நுரையீரல் சுருங்கினால்: நெஞ்சுக் குழாய் முதல் அறுவை மேசை வரை, எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டு எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அக்கா, மாமாவுக்கு நிமோனியா முத்திப்போச்சுங்க. நெஞ்சுக்குள்ள காத்து நிக்குதாம், நுரையீரல் சுருங்கிருச்சாம். ஆபரேசன்னு சொல்றாங்க. கோயமுத்தூருக்குக் கொண்டாந்துரட்டுங்களா?"

நான் பிறந்தது அந்தப் பக்கம். வேலை பார்ப்பது கோவையில், நெஞ்சு அறுவை வார்டில் நர்சாக. கோவிட் அலையின்போது இந்தக் கேள்வி ஓயாமல் வந்தது. இப்போதும் மழைக்காலத்தில் பன்றிக்காய்ச்சல் தலைகாட்டினால் ஒன்றிரண்டு வரும். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பாட்டில்ல குமிழி வருதா?" நெஞ்சில் போட்ட குழாயின் மறுமுனையில் இருக்கும் பாட்டிலைத்தான் கேட்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஆனால் பத்தில் ஒன்பது பேர் பாட்டிலைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அறுவை செய்வதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எப்போது அவசரப்படக் கூடாது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாக்கூட்டின் உள்பக்கம் ஒட்டியது. நடுவில் துளி ஈரம் மட்டுமே இருக்கும், காற்று இருக்காது. அங்கே காற்று புகுந்தால் நுரையீரல் விரிய இடமில்லாமல் சுருங்கிப்போகும். இதைத்தான் டாக்டர்கள் நியூமோதோராக்ஸ் என்கிறார்கள். 'லங் கொலாப்ஸ்' என்று சொன்னால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "காத்து நுரையீரலுக்கு வெளியே நிக்குதா, இல்ல சளி அடைச்சுச் சுருங்கியிருக்கா?" இரண்டாவதற்குக் குழாயும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். சளியை எடுத்தால் போதும்.

வைரஸ் நிமோனியாவில் இது ஏன் வருகிறது? கோவிடோ இன்ஃப்ளூயன்சாவோ கடுமையாகத் தாக்கும்போது காற்றுப்பைகளின் சுவர் புண்ணாகிறது. நுரையீரல் விறைத்துப்போகிறது. விறைத்ததை விரிக்க வென்டிலேட்டர் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும், எங்கோ ஒரு பை கிழியும். இதைத் தவிர்க்கத்தான் உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு, கிலோவுக்கு 6 மி.லி. அளவில் மூச்சைக் குறைத்துக் கொடுப்பார்கள். அழுத்தம் 30 செ.மீ. நீரளவைத் தாண்டாமல் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் கிழியும். நியூயார்க்கில் 2020ல் வென்டிலேட்டரில் இருந்த 601 கோவிட் நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, 15 சதவீதம் பேருக்கு இப்படி அழுத்தத்தால் காற்று வெளியேறியிருந்தது. வென்டிலேட்டர் வைக்காதவர்களுக்கும் வரும். அடங்காத இருமலே போதும். நோய் தொடங்கி மூன்று நாலு வாரம் கழித்து, புண் ஆறும் இடத்தில் நீர்க்குமிழி மாதிரி ஒரு காற்றுப்பை உருவாகி, அது உடைந்தும் வரும்.

கிழிந்த இடத்திலிருந்து காற்று சில சமயம் மூச்சுக்குழாய்களின் ஓரமாகவே ஊர்ந்து நெஞ்சின் நடுப்பகுதிக்கும், அங்கிருந்து கழுத்துக்கும் ஏறும். முகம், கழுத்து, தோள் எல்லாம் வீங்கும். தொட்டால் தோலுக்கடியில் பொரியை நசுக்குவதுபோல் நொறுநொறுவென்று இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். அதைவிட நெஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான் கவலைக்குரியது.

படி 2: அவசரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நேற்று வரை 94 காட்டிய ஆக்சிமீட்டர் திடீரென்று 80க்கு இறங்குகிறது. ஒரு பக்க நெஞ்சு சுருக்கென்று குத்துகிறது, தோள்பட்டைக்கு இழுக்கிறது. இப்படி நடந்தால் அந்த நிமிடமே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அழுத்த அலாரம் அடிக்கும், ரத்த அழுத்தம் சரியும், கழுத்து நரம்பு புடைக்கும். காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்து, வெளியே வர வழியில்லாமல் இதயத்தையே ஒரு பக்கம் தள்ளும் நிலை அது. எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். "படம்கூட எடுக்காம குத்திட்டாங்க" என்று வருத்தப்படாதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் சரி.

இங்கே எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் மலையாளச் சிஸ்டர் வந்து "வேதன உண்டோ?" என்பார். மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. நம் ஊர்ப் பெரியவர் மனசைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "வேதனையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பையன் நல்லா பாத்துக்கறான்" என்பார். குறிப்பேட்டில் வலி இல்லை என்று ஏறிவிடும். அவரே "வலி" என்று சொன்னாலும் தொல்லைதான். மலையாளத்தில் வலிவு என்றால் மூச்சிழுப்பு. அதனால் வாயால் மட்டும் சொல்லாமல், வலிக்கிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படி 3: முதல் வைத்தியம் குழாய்தான், கத்தி அல்ல

காற்று கொஞ்சமாக இருந்து, நோயாளி வென்டிலேட்டரில் இல்லாமல், மூச்சும் நிதானமாக இருந்தால் ஆக்சிஜன் கொடுத்து, மறுபடி மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். அழுத்தமாகக் காற்று தள்ளும் வென்டிலேட்டரோ இறுக்கமான மாஸ்க்கோ இருந்தால் பெரும்பாலும் குழாய் போட்டே ஆக வேண்டும். வார்டில் எல்லோரும் ஐசிடி என்பது இதைத்தான்.

அக்குளுக்குக் கீழே, மார்புத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் நடுவில், முலைக்காம்பின் மட்டத்துக்கு மேலே ஒரு முக்கோணப் பகுதி இருக்கிறது. ரத்தக்குழாயிலும் ஈரலிலும் படாமல் உள்ளே போக அதுதான் பத்திரமான வழி. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, ஐந்தாவது விலா இடைவெளி வழியாகக் குழாயை நுழைப்பார்கள். நோயாளியின் கை தலைக்கு மேல் இருக்கும். குழாய் மெல்லியதாகவும் இருக்கலாம், சுண்டுவிரல் தடிமனிலும் இருக்கலாம். வென்டிலேட்டரில் கசிவு அதிகமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தடித்ததையே தேர்ந்தெடுப்பார்கள். பட்டு நூலால் தோலோடு தைத்து, உடனே ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் சுருங்கிக் கிடந்த நுரையீரலைச் சட்டென்று உறிஞ்சி விரித்தால் அதில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால்தான் "ஏன் இன்னும் மெஷின் வெச்சு இழுக்கல?" என்று நீங்கள் கேட்டாலும் டாக்டர் பொறுத்திருப்பார்.

பல குடும்பங்கள் குழாயையே ஆபரேசன் என்று நினைத்துப் பயந்து கையெழுத்துப் போட மறுக்கின்றன. இன்னும் சில குடும்பங்கள் குழாய் போட்ட மறுநாளே "பெரிய ஆபரேசன் பண்ணி முடிச்சு விட்டுருங்க" என்று நிற்கின்றன. உண்மையில் இந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்குக் கசிவு குழாயோடு அடைபட்டுவிடும், மேசை வரை போக வேண்டியிருக்காது.

படி 4: பாட்டிலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதில்தான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும்.

குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலிலோ பையிலோ, தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. மூழ்கியிருக்கும். நெஞ்சிலிருந்து வரும் காற்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று திரும்ப உள்ளே போக முடியாது. இவ்வளவு எளிய ஏற்பாடுதான்.

குழாயில் தண்ணீர் மட்டம் மூச்சோடு மேலும் கீழும் ஆடும். தானாக மூச்சு விடுபவருக்கு உள்ளிழுக்கும்போது ஏறும், விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இதற்கு நேர்மாறு. ஆட்டம் இருந்தால் குழாய் திறந்திருக்கிறது. ஆட்டம் நின்றால் ஒன்று நுரையீரல் முழுதாக விரிந்திருக்க வேண்டும், அல்லது குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்க வேண்டும். முதலில் போர்வையை விலக்கிப் பாருங்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் நோயாளி குழாய்மேல் படுத்திருப்பார். குப்புறப் படுக்கவைக்கும் நோயாளிகளிடம் இது இன்னும் அதிகம்.

அடுத்து குமிழி. சும்மா படுத்திருக்கும்போதே மூச்சுக்கு மூச்சு பொங்கினால் கசிவு பெரிது. இருமினால் மட்டும் இரண்டு குமிழி வந்தால் கசிவு சிறுத்துவிட்டது. இருமியும் வராவிட்டால் அடைபட்டிருக்கலாம். காலை ஆறு மணிக்கு ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு அம்மா 'பொங்குது', 'இருமினா வருது', 'இல்லை' என்று மூன்றே வார்த்தைகளில் பதினோரு நாளும் எழுதிவைத்திருந்தார். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

மூன்று விஷயங்களைச் செய்யவே கூடாது. பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போகும். ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது வசதிக்காகக் கட்டில்மேல் வைப்பவர்களைத் தயங்காமல் தடுங்கள். பாட்டிலைச் சாய்க்காதீர்கள். குமிழி வரும் குழாயைக் கிளிப் போட்டு அடைக்காதீர்கள், வேறு யாரையும் அடைக்க விடாதீர்கள். கசியும் காற்று உள்ளேயே தேங்கினால் படி 2ல் சொன்ன ஆபத்து சில நிமிடங்களில் வந்துவிடும்.

இணைப்பு கழன்றுவிட்டால் பதறாதீர்கள். முனையை ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை மூழ்கும்படி பிடித்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குழாயே நெஞ்சிலிருந்து உருவி வந்துவிட்டால் துளையைச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கூப்பிடுங்கள். திரும்பச் சொருகக் கூடாது.

படி 5: எல்லை தாண்டிக் கொண்டுபோகும் முன்

போனில் கேட்கும் "கொண்டாந்துரட்டுங்களா?" என்பதற்கு என் பதில் பல நேரம் 'இப்ப வேண்டாம்' என்பதுதான். குழாய் போடவும் வென்டிலேட்டர் பார்க்கவும் வசதியுள்ள மருத்துவமனையில் இருந்தால், முதல் சில நாளுக்கு அங்கேயே இருப்பது நல்லது. நெஞ்சு அறுவை நிபுணர் தேவை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், அப்போது திருச்சூர் மருத்துவக் கல்லூரியோ கோவையோ, எங்கே படுக்கை உறுதியாகிறதோ அங்கே போகலாம்.

ஒரு தடவை வாளையார் வழியாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். புறப்படும் இடத்தில் யாரோ, வண்டியில் தண்ணீர் சிந்தும் என்று குழாயைக் கிளிப் போட்டுவிட்டார்கள். எங்களிடம் வந்து சேரும்போது உதடு நீலம், நாடி தொடவே கிடைக்கவில்லை. கிளிப்பை எடுத்ததும் பாட்டில் சோடா உடைத்தமாதிரி பொங்கியது. பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வண்டி ஏறும்போது கிளிப் எங்கே இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். தண்ணீர் சிந்துமென்று பயமிருந்தால், காற்றை ஒரே திசையில் விடும் வால்வு பொருத்தச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பாட்டில் தேவையில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டு, வழியில் ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் மட்டும் புறப்படுங்கள். கூட ஒரு சிஸ்டரோ டாக்டரோ வர வேண்டும்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு. கேரளக் கார்டு என்றால் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா. வீடு அந்தப் பக்கம், ரேஷன் கார்டு இந்தப் பக்கம் என்று இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. புறப்படும் முன் போய்ச்சேரும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்கு ஒரு போன் போட்டு, எந்தக் கார்டு செல்லும் என்று கேட்டுவிடுங்கள்.

படி 6: எப்போது அறுவை பற்றிப் பேச வேண்டும்

சாதாரணமாக ஒருவருக்கு நுரையீரல் சுருங்கிக் குழாய் போட்டால், மூன்றிலிருந்து ஐந்து நாளில் கசிவு நிற்காவிட்டால் அறுவை நிபுணரைக் கூப்பிடுவார்கள். வைரஸ் நிமோனியாவில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நிபுணரை அதே நாளில் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் கத்தி எடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள். அழற்சி முற்றிய நுரையீரலில் தையல் போடுவது நனைந்த காகிதத்தைத் தைப்பதுபோல. ஊசி ஏறும் இடமெல்லாம் புதிதாகக் கிழியும். டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் புண் ஆறுவதும் மெதுவாகும். வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கக் குறைக்கக் கசிவு தானே அடங்குவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எப்போது காத்திருக்கக் கூடாது? குழாய் சரியான இடத்தில் இருந்து, உறிஞ்சும் கருவி வைத்தும் நுரையீரல் விரியாதபோது. கசிவே ஆக்சிஜனைக் கீழே இழுக்கும்போது. குழாயில் ரத்தம் தொடர்ந்து வரும்போது. சீழ் கட்டி நுரையீரல்மேல் தோல்மாதிரி படிந்துவிட்டபோது. ஸ்கேனில் பெரிய காற்றுப்பை தெரிந்து, அதே பக்கம் மறுபடி மறுபடி சுருங்கும்போது. 2021ல் பார்த்த கறுப்புப் பூஞ்சை நுரையீரலைக் குடைந்திருந்தால், அழுகிய பகுதியை வெட்டி எடுக்காமல் கசிவு நிற்பது கடினம். நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோயும் இதே மாதிரி நுரையீரலைச் சுருக்கும். சளிப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. நோயாளியின் கையிலிருந்தே 50 முதல் 100 மி.லி. ரத்தம் எடுத்து, அது உறையும் முன் குழாய் வழியாக நெஞ்சுக்குள் விடுவார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். கேட்கும்போது நம்பமுடியாமல் இருக்கும். மயக்க மருந்து தாங்காத நோயாளிக்கு இது பெரிய உதவி. டால்க் தூளோ டாக்சிசைக்ளினோ பொவிடோன் அயோடினோ விட்டு இரண்டு சவ்வையும் ஒட்டவைக்கும் முறையும் உண்டு. அதற்கு நுரையீரல் விரிந்து சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சில பெரிய மையங்களில் மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான பிராங்கோஸ்கோப் வழியாகக் கசியும் கிளைக்கு ஒருவழி வால்வு வைப்பார்கள்.

கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கசிவு எந்த இடத்திலிருந்து என்று ஸ்கேனில் தெரிகிறதா? மற்ற நுரையீரல் தனியாகச் சமாளிக்குமா? ரத்தம் விடுவது மாதிரி சின்ன வழி முயன்றாயிற்றா? இன்னும் ஐந்து நாள் பொறுத்தால் என்ன ஆகும், இன்றே செய்தால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு டாக்டர் யோசித்துப் பதில் சொன்னால், அவரை நம்பலாம் என்பது என் அனுபவம்.

படி 7: மேசையில் நடப்பது

இப்போது பெரும்பாலும் கேமரா வழியாகச் செய்யும் வாட்ஸ் முறைதான். விலாவை விரிக்காமல் ஒன்று முதல் மூன்று சின்னத் துளைகள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இரட்டைக் குழாய் ஒன்றைத் தொண்டை வழியாக இறக்கி, ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று கொடுப்பார்கள். சிக்கல் இங்கேதான். காற்று வாங்கும் அந்த 'நல்ல' பக்கமும் நிமோனியா பட்டதுதான். ஆக்சிஜன் இறங்கினால் நிறுத்தி, இரண்டையும் ஊதி, மறுபடி தொடங்குவார்கள். ஒரு மணி நேரம் என்று சொன்னது இரண்டரை மணி ஆனால், வெளியே இருப்பவர்கள் அதற்காகவே பதற வேண்டாம்.

கசிவைக் கண்டுபிடிக்கும் விதம் சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதேதான். நெஞ்சுக்குள் வெதுவெதுப்பான சலைன் ஊற்றி, நுரையீரலை மெதுவாக ஊதுவார்கள். எங்கே குமிழி கிளம்புகிறதோ அதுதான் ஓட்டை. முதன்முதலில் திரையில் பார்த்தபோது, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அலுமினியத் தட்டில் ட்யூபை அமுக்கும் அண்ணன்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.

ஓட்டையுள்ள பகுதியையோ காற்றுப்பையையோ ஸ்டேப்ளரால் அடித்து வெட்டி எடுப்பார்கள். திசு பஞ்சாக இருந்தால் ஸ்டேப்ளர் வரிசைக்கு மேல் ஒட்டுப் பட்டையோ பசையோ வைப்பார்கள். பிறகு விலாப்பக்கச் சவ்வைத் தேய்த்து ரணமாக்கி, நுரையீரல் அதோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்வார்கள். சீழ்த்தோல் இருந்தால் உரித்தெடுப்பார்கள். கேமராவால் முடியாதபோது நெஞ்சைத் திறந்து செய்ய நேரும். அதற்கும் சேர்த்தே கையெழுத்து வாங்குவார்கள். முடிவில் மறுபடியும் ஒன்றோ இரண்டோ குழாய், மறுபடியும் பாட்டில்.

ஆபத்துகளை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ரத்தப்போக்கு, தொற்று, தைத்த இடத்திலேயே புதுக் கசிவு, வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் நீளும் நாட்கள் எல்லாம் நடக்கும். வென்டிலேட்டரிலிருந்தே நேராக மேசைக்குப் போகிறவருக்கும், தானாக மூச்சு விட்டுக்கொண்டு போகிறவருக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. முடிந்தவரை இரண்டாவது நிலை வரும்வரை அறுவை நிபுணர்கள் காத்திருப்பது அதனால்தான்.

படி 8: திரும்பி வந்த பிறகு

வலிக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். விலா நரம்பு வலி கடுமையானது. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்காதவருக்குச் சளி தேங்கி நிமோனியா திரும்பும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். அந்தப் பக்கக் கையைத் தினமும் தலைக்கு மேல் தூக்கவைக்காவிட்டால் தோள் இறுகிப்போகும்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து கருவி கொடுப்பார்கள். "ஊதுங்க மாமா, நல்லா ஊதுங்க" என்று குடும்பமே சுற்றி நின்று உற்சாகப்படுத்தும். அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு! இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்து, பந்தை மேலே நிறுத்திப் பிடிக்க வேண்டும். கசிவு இன்னும் இருந்தால் எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமிழி நின்று, படத்தில் நுரையீரல் விரிந்து, வரும் நீரும் குறைந்தால் குழாயை எடுப்பார்கள். மூச்சை அடக்கச் சொல்லி ஒரே இழுப்பு, உடனே முடிச்சு. பிறகு இன்னொரு படம். சில சமயம் சின்னக் கசிவோடேயே ஒருவழி வால்வு பொருத்தி வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அப்படி வந்தால் வால்வின் திசையை மாற்றிப் பொருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி நோயாளியைவிட்டு வெளிநோக்கி இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் பீடி சிகரெட் கூடாது, வீட்டில் மற்றவர்களும் அவர் பக்கத்தில் பிடிக்கக் கூடாது. விமானப் பயணம் படத்தில் முழுதாகச் சரியாகி ஒரு வாரமாவது ஆன பிறகு, டாக்டர் சம்மதித்தால் மட்டும். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரே உறையில் வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் எடுத்தது இந்தப் பக்கக் கணினியில் இருக்காது.

போன வருடம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கள் இறக்கும் அண்ணன் ஒருவர், தையல் பிரித்த அன்றே கேட்டார்: "சிஸ்டர், மரம் எப்ப ஏறலாம்?" டாக்டர் அவரை வார்டு மாடிப்படி ஏறிக் காட்டச் சொன்னார். இரண்டு மாடி ஏறி இறங்கியதும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினோம். 97லிருந்து 89. "இது இறங்காம இருக்கிற அன்னிக்கு வந்து கேளுங்க" என்றார் டாக்டர். ஆறு வாரத்தில் வந்தார், 92. மூன்று மாதத்தில் வந்தபோது 96ல் நின்றது. முதலில் குட்டைத் தென்னை, கூட ஒரு ஆள் என்று எழுதிக்கொடுத்தார்.